பேசி வைத்ததும் பேசாமல் விட்டதும்

நியூயார்க்கிலோ பாரிஸிலோ டோக்கியோவிலோ ஏதோ ஒரு ஜாஸ் கிளப். மேடையில் ஐந்து பேர் ஏறுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் மற்றவர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. முன்னால் நோட்டுத் தாள் கிடையாது. சாக்ஸஃபோன்காரர் பின்னால் திரும்பி, "எஃப்-இல் ப்ளூஸ்" என்கிறார். விரலைச் சொடுக்கி நான்கு எண்ணுகிறார். அடுத்த கணம் ஐந்து வாத்தியங்களும் ஒன்றாகப் புறப்படுகின்றன. எட்டு, பத்து நிமிடம் அந்த இசை ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்கும் முறை வருகிறது; டிரம்ஸும் சாக்ஸஃபோனும் கேள்வியும் பதிலுமாக மாறி மாறி வாசிக்கின்றன; முடிக்கிற இடத்தில் ஐந்து பேரும் பிசகாமல் ஒரே தட்டில் வந்து நிற்கிறார்கள்.

அங்கே கேட்ட இசை அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. மறுநாள் அதே ஐந்து பேர் அதே கிளப்பில் வாசித்தாலும் அது திரும்ப வராது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து, எழுதி வைக்காத ஒன்றை, அந்தந்தக் கணத்தில் உருவாக்குவது மனிதர்கள் செய்யும் அபூர்வமான காரியங்களில் ஒன்று. இது எப்படி முடிகிறது என்று தோண்டிப் பார்த்தால், ஜாஸின் நூறாண்டு வரலாறே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பது தெரியும். எதை முன்பே பேசி வைப்பது, எதை அந்த நேரத்துக்கு விட்டுவிடுவது? ஒவ்வொரு தலைமுறை பேண்டும் இதற்கு ஒரு விடை சொன்னது. நியூ ஆர்லியன்ஸ், ஸ்விங், பீபாப், கூல், மோடல், ஃப்ரீ என்று நாம் பாணிகளாகப் பெயரிட்டு அழைப்பவை அந்த விடைகள்தாம்.

இரண்டே சொல்லில் எத்தனை செய்தி

"எஃப்-இல் ப்ளூஸ்" என்றதும் ஐந்து பேருக்கும் என்ன தெரிந்துவிட்டது? எஃப் என்பது சுருதி. நம் கணக்கில் நாலு கட்டை. ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு 'பார்' கொண்ட சுற்று. ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஆக நாற்பத்தெட்டுத் தட்டில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும். இந்தச் சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். சுற்றின் எந்தப் பாரில் எந்தக் கார்டு, அதாவது சேர்ந்தாற்போல் ஒலிக்கும் எந்த மூன்று நான்கு சுரங்கள், என்பதும் தீர்மானமானது. முதல் நான்கு பார் ஆதார சட்ஜத்தின் கார்டு. அடுத்த இரண்டு பார் மத்திமத்தின் கார்டு. மறுபடி இரண்டு பார் சட்ஜம். ஒன்பதாவதில் பஞ்சமம், பத்தாவதில் மத்திமம், கடைசி இரண்டில் மீண்டும் சட்ஜம். இதற்கு மேல் நுணுக்கங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

அடுத்து யார் என்ன வேலை செய்வது என்பதும் சொல்லாமலே தெரியும். டபுள் பாஸ்காரர் ஒரு தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருப்பார். சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பதை மற்றவர்களுக்குக் காட்டுவது அவர் நடை. டிரம்ஸ்காரர் வலக்கையால் ரைடு சிம்பலில் காலத்தை ஓட்டுவார். பியானோக்காரர் இடையிடையே கார்டுகளை வைத்து, தனி வாசிப்பவரைத் தூண்டுவார். முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டு, பிறகு ஒவ்வொருவராகச் சோலோ, பிறகு டிரம்ஸோடு நான்கு நான்கு பாராகக் கொடுக்கல் வாங்கல், கடைசியில் மறுபடி மெட்டு.

கர்நாடக இசை கேட்பவருக்கு இது அந்நியமாகப் படாது. ராகமும் தாளமும் தெரிந்த பக்கவாத்தியக்காரர் ஒத்திகை இல்லாமலே மேடையில் அமர்ந்து, பாடகரின் மனோதர்மத்தோடு கூடவே வருகிறார். வித்தியாசம் இங்கேதான்: ராகம் மாறாமல் நிற்க, பாடகர் அதற்குள் உலாவுகிறார். ஜாஸில் நிற்கும் தரையே சில தட்டுகளுக்கு ஒருமுறை நகர்கிறது. சோலோ வாசிப்பவர் நகரும் தரையின் மேல் தன் மெட்டைக் கட்ட வேண்டும்.

எல்லாரும் ஒரே நேரத்தில்

1900-ஐ ஒட்டிய நியூ ஆர்லியன்ஸ் வேறெந்த அமெரிக்க நகரத்தையும் போல இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டிரம் கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம் அங்கேதான் இருந்தது. ஓபரா, ராணுவ பேண்ட், தேவாலயப் பாடல், கூலிக்காரர்களின் ப்ளூஸ் எல்லாம் ஒரே தெருவில் காதில் விழும். அங்கே கிரியோல்கள் என்ற கலப்பினத்தவர் முறையாக நோட்டுப் படித்து வாசித்தவர்கள். ஊரின் மறுபக்கத்துக் கறுப்பினக் கலைஞர்கள் காதால் கேட்டுக் கையால் பிடித்தவர்கள். அதே ஊர்க் கிரியோலான ஹோமர் பிளெஸ்ஸி ரயில் பெட்டியில் உட்காரும் உரிமைக்காகத் தொடுத்த வழக்கில், 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறப் பிரிவினைச் சட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. அந்தச் சட்டங்கள் கிரியோல்களையும் கறுப்பினத்தவரையும் ஒரே பக்கம் ஒதுக்கின. நோட்டு தெரிந்த கையும் ப்ளூஸ் தெரிந்த காதும் ஒரே பேண்டில் வந்து சேர்ந்ததில் அந்த அநீதிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த பேண்டுகளின் உடன்பாடு இது: எல்லாரும் ஒரே நேரத்தில் இட்டுக்கட்டி வாசிக்கலாம், ஆனால் அவரவர் பாதையில். கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். கிளாரினெட் அதற்கு மேலே கொடியாகச் சுற்றி ஓடும். ட்ராம்போன் கீழே சறுக்கிச் சறுக்கி இடைவெளிகளை நிரப்பும். பேன்ஜோவும் டூபாவும் டிரம்ஸும் காலத்தைப் பார்த்துக்கொள்ளும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசித்தவர்கள் என்பதால் சத்தமான, தூக்கிச் செல்லக்கூடிய வாத்தியங்களே முன்னணியில் இருந்தன. இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பெயர் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன். 1907-இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு பதிவும் நமக்குக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் பதிவானது. அதை வாசித்த ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள்.

தெற்கிலிருந்து வேலை தேடியும் வன்முறைக்குத் தப்பியும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே போனார்கள். இசைக்கலைஞர்களும் போனார்கள். 1922-இல் சிகாகோவில் கிங் ஆலிவரின் பேண்டில் இரண்டாவது கார்னெட்டாக லூயி ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தபோது அவருக்கு 21 வயது. பேண்ட் முழுவதும் நிறுத்தி, இரண்டு கார்னெட்டும் மட்டும் இரண்டு பாருக்கு இணைந்து வாசிக்கும் 'பிரேக்'குகள் கேட்பவர்களைத் திகைக்க வைத்தன. எழுதாமல் இரண்டு பேர் எப்படி இசைந்து வாசிக்கிறார்கள்? ரகசியத்தை ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் சொன்னார்: பிரேக் வருவதற்குச் சற்று முன் ஆலிவர் ஊதாமலே வால்வுகளை அழுத்திக் காட்டுவார், அந்த விரல்களைப் பார்த்தே ஆம்ஸ்ட்ராங் தன் இரண்டாம் குரலைத் தயார் செய்துகொள்வார். பேசி வைத்ததற்கும் பேசாமல் விட்டதற்கும் நடுவே இப்படி ஒரு கண்ஜாடை மொழி இருந்தது.

இந்த பேண்ட் 1923-இல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில், ஜெனட் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. அப்போது மைக் கிடையாது. எல்லாரும் ஒரு பெரிய குழலை நோக்கி வாசிக்க, அந்த ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பேஸ் டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் டிரம்ஸ் கலைஞர் பேபி டாட்ஸ் பதிவுகளில் மரக்கட்டைகளைத் தட்டினார். இன்று அந்தத் தட்டுகளைக் கேட்டு, பழைய ஜாஸில் டிரம்ஸ் இப்படித்தான் இருந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நம் காதுக்கு வருவதில் பாதி பேண்ட், பாதி இயந்திரம்.

தனி ஒருவனின் குரல்

1925 முதல் 1928 வரை ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு சிகாகோவில் செய்த பதிவுகளில் உடன்பாடு திருத்தி எழுதப்படுகிறது. எல்லாரும் ஒன்றாகப் பின்னிய இடத்தில், ஒருவர் கதை சொல்ல மற்றவர் வழிவிடுகிறார்கள். 1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இதன் உச்சம். பதினைந்து விநாடிகூட நீடிக்காத முன்னுரை. பேண்ட் மௌனமாக நிற்க, ட்ரம்பெட் மட்டும் நான்கு உறுதியான சுரங்களில் தொடங்கி, உச்சிக்கு ஏறி, சுழன்று இறங்குகிறது. தாளம் எங்கே என்று யாரும் தட்டிக் காட்டவில்லை. ஆனாலும் தாளம் கேட்கிறது. தனி ஒருவரின் மூச்சுக்குள்ளேயே காலம் இருக்க முடியும் என்பதை அந்த விநாடிகள் உலகத்துக்குக் காட்டின. அதற்குப் பிறகு வந்த எல்லா ஜாஸ் சோலோவிலும் அதன் வாரிசுரிமை இருக்கிறது.

பதினைந்து பேர் எப்படி ஒன்றாக ஆடுவது

ஐந்து பேர் ஒரே நேரத்தில் இட்டுக்கட்டினால் பின்னல். பதினைந்து பேர் செய்தால் இரைச்சல். ஆனால் 1920-களின் நியூயார்க் நடன மண்டபங்களுக்குப் பெரிய பேண்ட் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆடுபவர்களுக்கு எட்டும்படி ஒலிபெருக்கும் வசதி அன்று போதவில்லை. ஃபிளெட்சர் ஹென்டர்சனின் பேண்டில் இருந்த டான் ரெட்மன் இதற்கு ஒரு வழி கண்டார். வாத்தியங்களை அணிகளாகப் பிரித்தார்: சாக்ஸஃபோன் ஓரணி, ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் இன்னோரணி. ஓரணி கேட்க, மற்றது பதில் சொல்லும். முன்பு தனி ஆட்கள் பின்னியதை இப்போது அணிகள் பின்னின, எழுதி வைத்த நோட்டைப் பார்த்து. நடுநடுவே ஒருவருக்குச் சோலோவுக்கு இடம் திறந்து விடப்பட்டது. 1924-இல் ஆம்ஸ்ட்ராங் இந்த பேண்டில் ஓராண்டு இருந்து, அந்தத் திறந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போனார்.

அதே பெரிய பேண்டுக்கு டியூக் எலிங்டன் வேறொரு விடை வைத்திருந்தார். 1927 டிசம்பரில் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் அமர்ந்த அவர் பேண்ட், வானொலி வழியாக நாடெங்கும் கேட்டது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர் மேசைகளோ வெள்ளையர்களுக்கு மட்டும். அந்த அவமதிப்பின் நடுவேதான் எலிங்டன் இருபதாம் நூற்றாண்டின் ஆகச் செழுமையான இசையில் ஒரு பகுதியை எழுதினார். அவர் தந்த நோட்டுத் தாள்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக ஆளின் பெயர் இருக்கும். 'பாரிடோன் சாக்ஸ்' என்று எழுதமாட்டார். 'கார்னி' என்று எழுதுவார். 1927 முதல் 1974 வரை அந்த பேண்டிலேயே இருந்த ஹாரி கார்னியின் கனத்த ஒலியை மனத்தில் கேட்டபடியே ஒவ்வொரு சுரத்தையும் அவர் வைத்தார். எழுதப்பட்ட இசையிலும் தனி மனிதனின் குரல் அழியாமல் இருக்க இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்த கவுன்ட் பேஸியின் பேண்ட் நோட்டையே அதிகம் நம்பவில்லை. அங்கே கிளப்புகள் விடிய விடிய நடக்கும். யாரோ ஒருவர் குட்டி மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அணியில் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, எதிரணி பதில் கண்டுபிடிக்க, பாட்டு மேடையிலேயே வளரும். எல்லாம் தலைக்குள் இருக்கும். அவர்களின் அடையாளப் பாட்டான 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' இப்படி வளர்ந்ததுதான். 1937-இல் தட்டில் ஏறியது. அடித்தளம் அதே பன்னிரண்டு பார் ப்ளூஸ். பேஸியின் பியானோ, ஃபிரெடி கிரீனின் கிதார், வால்டர் பேஜின் பாஸ், ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் நான்கும் ஒரே ஆளின் நாடித்துடிப்பு போல ஒலித்தன.

1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலமார் மண்டபத்தில் பென்னி குட்மனின் பேண்ட் பெற்ற வரவேற்போடு ஸ்விங் நாடு முழுவதற்குமான மோகமானது. அன்று கூட்டத்தை எழுப்பிய அரேஞ்மென்ட்டுகளில் பல, குட்மன் விலைக்கு வாங்கிய ஃபிளெட்சர் ஹென்டர்சனுடையவை. புகழும் பணமும் எந்தப் பக்கம் அதிகம் போயின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முப்பது மில்லி விநாடி

அது சரி, ஸ்விங் என்றால் என்ன? ஆம்ஸ்ட்ராங்கின் தலைமுறை அதை உணர்ந்தது, விளக்கவில்லை. அளக்கும் கருவிகள் வந்த பிறகு ஆய்வாளர்கள் அதைத் துரத்தத் தொடங்கினார்கள்.

கண்ணுக்குத் தெரியும் பகுதி எளிது. ஒரு தட்டை இரண்டு சுரமாகப் பிரித்தால் ஜாஸ் கலைஞர் அவற்றைச் சமமாக வாசிப்பதில்லை. முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். பள்ளிப் பாடம் இதை இரண்டுக்கு ஒன்று என்று சொல்லும். 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர்களின் பதிவுகளில் சிம்பல் ஒலியை மட்டும் பிரித்து அளந்தபோது, அப்படி ஒரு நிலையான விகிதம் இல்லை என்று தெரிந்தது. மெதுவான காலத்தில் நீளச் சுரம் குறுஞ்சுரத்தைப் போல் மூன்றரை மடங்கு வரை போகிறது. காலம் வேகமாக ஆக ஆக விகிதம் குறைந்து, மிக வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகின்றன. வேகம் நடுத்தரத்தைத் தாண்டிவிட்டால் குறுஞ்சுரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலேயே நின்றுவிடுகிறது. நீளச் சுரம் மட்டுமே சுருங்குகிறது.

அதைவிட வியப்பான இன்னொன்றை 2022-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பியானோ சோலோக்களை எடுத்து, சுரங்கள் விழும் நேரத்தைக் கணினியில் மிக நுட்பமாக மாற்றி, இசைக்கலைஞர்களிடம் போட்டுக் காட்டினார்கள். தட்டின் மேல் விழும் சுரங்களை மட்டும் சுமார் 30 மில்லி விநாடி தாமதமாக்கி, தட்டுக்கு நடுவே விழும் சுரங்களை, பாஸும் டிரம்ஸும் அடங்கிய ரிதம் செக்ஷனோடு சரியாகப் பொருத்தியபோது, அந்த வாசிப்பு அதிகம் ஸ்விங் ஆகிறது என்றார்கள் கேட்டவர்கள். ஏன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கண் இமைப்பதற்கே அதைப்போல் சில மடங்கு நேரம் ஆகும். இந்த அளவு தாமதத்தை வாசிப்பவர் எண்ணிச் செய்வதில்லை, கேட்பவர் எண்ணிக் கேட்பதில்லை. ஆனாலும் அது கால்களைத் தட்ட வைக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களிலிருந்து ஆளுக்கு ஆள் காதால் மட்டுமே கடத்தி வந்த அறிவு இது. எந்த நோட்டிலும் எழுத முடியாதது. பேசி வைக்கவே முடியாத உடன்பாடு.

வலக்கை மேலே போனது

1940-களின் தொடக்கத்தில் பெரிய பேண்டுகளைப் பல அடிகள் ஒருசேரத் தாக்கின. போருக்காகக் கலைஞர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். பதினைந்து பேரோடு ஊர் ஊராகப் போக முடியவில்லை. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. முக்கிய நிறுவனங்களோடு முழு சமரசம் ஏற்பட 1944 நவம்பர் ஆனது. 1944-இலேயே நடனமும் பாட்டும் நடக்கும் இடங்களுக்குக் கடுமையான வரி வந்தது. ஆட்டமில்லாமல், உட்கார்ந்து கேட்கும் சின்ன இடமும் சின்ன பேண்டும் கட்டுப்படியாகின.

இளைஞர்கள் அதற்கு முன்பே சின்ன இடத்தைத் தேடிப் போயிருந்தார்கள். ஹார்லெமின் 118-ஆவது தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ். பெரிய பேண்டில் வேலை முடிந்த பிறகு நள்ளிரவில் அங்கே கூடுவார்கள்: பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க், கிதாரில் சார்லி கிறிஸ்டியன், வந்துபோகும் டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர்.

அங்கே பிறந்த பீபாபைப் புரிந்துகொள்ள ஒரு டிரம்ஸ்காரரின் கைகால்களைப் பாருங்கள். நடன பேண்டில் வலக்கால் ஒவ்வொரு தட்டுக்கும் பேஸ் டிரம்மை மிதிக்கும். ஆடுபவரின் காலுக்கு அதுதான் வழிகாட்டி. மின்டன்ஸில் யாரும் ஆடவில்லை. வேகமோ, கால் தொடர்ந்து மிதிக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. கிளார்க் காலத்தை ஓட்டும் வேலையைக் காலிலிருந்து எடுத்து, வலக்கைக்கு, மேலே தொங்கும் ரைடு சிம்பலுக்கு மாற்றினார். கால் விடுதலையானது. எதிர்பாராத இடத்தில் ஒரு மிதி, இடக்கையால் ஸ்நேர் டிரம்மில் ஒரு வெட்டு. டிரம்ஸ் இப்போது சோலோ வாசிப்பவரோடு உரையாடத் தொடங்கிவிட்டது. சிம்பலின் ஒலி அடித்த பிறகும் நீண்டு பரவும் என்பதால் காலம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே ஓட்டமாக ஆனது. பியானோக்காரரின் இடக்கையும் தாளம் போடும் கடமையிலிருந்து தப்பியது. ஒரு கை இடம் மாறியதில் பேண்டின் எல்லா உறவுகளும் மாறின.

மெட்டு விஷயத்திலும் ஒரு புதிய உடன்பாடு. பழைய பிரபலப் பாட்டின் கார்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் முற்றிலும் வேறு மெட்டைப் போடுவது. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 1930-ஆம் ஆண்டுப் பாட்டான 'ஐ காட் ரிதம்' கார்டுகளின் மேல் எழுந்த ஜாஸ் மெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. காப்புரிமை மெட்டுக்கும் சொல்லுக்கும்தான். கார்டு வரிசைக்கு யாரும் பணம் கேட்பதில்லை. 1945 நவம்பர் 26 அன்று பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ', 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டுகளில் அமைந்தது. அன்றைய முதல் டேக் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. முன்னுரை முடிந்ததும் 'செரோக்கி'யின் மெட்டையே ஊதத் தொடங்குகிறார்கள்; உடனே நிறுத்தச் சொல்லும் குரலும் சத்தமும் கேட்கின்றன. அடுத்த டேக்கில் மெட்டே இல்லை. முன்னுரையிலிருந்து நேரே பார்க்கரின் சோலோ. நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 தட்டு. அதாவது, தட்டுக்கு இரண்டு சுரமாக, விநாடிக்குப் பத்துச் சுரம். அந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் நகரும் கார்டுக்குள் பொருந்துகிறது, வாக்கியமாகவும் அமைகிறது. நடனத்துக்கான இசையாக இருந்தது, உற்றுக் கேட்பதற்கான இசையாக அன்று மாறியது.

1959

1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. அதுவரை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். இனி இருபது நிமிடத்துக்கு மேல். சொல்ல வந்ததை நிதானமாகச் சொல்ல இடம் கிடைத்தது. 1949-50-இல் மைல்ஸ் டேவிஸ், கில் எவன்ஸ், ஜெரி மல்லிகன் முதலியோர் ஒன்பது பேர் குழுவில் பிரெஞ்ச் ஹார்னும் டூபாவும் சேர்த்துத் தணிந்த, எழுதப்பட்ட இழைவை உருவாக்கினார்கள்; 'கூல்' என்ற பெயர் அதற்கு வந்தது. ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர் போன்றவர்கள் எதிர்த்திசையில், தேவாலயமும் ப்ளூஸும் மணக்கும் 'ஹார்ட் பாப்' பக்கம் போனார்கள்.

பிறகு 1959. ஒரே ஆண்டுக்குள் நான்கு பேண்டுகள் நான்கு திசைகளைத் திறந்தன.

மார்ச் 2 அன்று, நியூயார்க்கில் தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய ஒரு கட்டடத்தில், மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பதிவைத் தொடங்கினார். கார்டுகளின் நெரிசலைக் களைந்துவிட்டு, ஒரு சுர வரிசையில் நீண்ட நேரம் நிற்பது அவர் முன்வைத்த 'மோடல்' உடன்பாடு. 'ஸோ வாட்'டில் பதினாறு பார் ஒரே டோரியன் வரிசை. எட்டு பார் அரைச் சுரம் மேலே. மறுபடி எட்டு பார் பழைய இடம். டோரியனில் வரும் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்களே. கமகமும் சஞ்சாரமும் வேறு என்பதால் அது ராகமாகிவிடாது. ஆனால் ஓரிடத்தில் நின்று ஆழத் தோண்டுவது என்ற எண்ணம் நமக்கு உடனே புரிகிறது. அந்தப் பதிவில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். இரண்டு மாதம் கழித்து அதே கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார்: பதினாறு பாருக்குள் இருபத்தாறு கார்டு, மூன்று சுருதிகளுக்கு இடையே இடைவிடாத தாவல். ஒரே மனிதர் ஒரே வசந்தத்தில் இரண்டு எதிரெதிர் எல்லைகளையும் தொட்டார்.

அதே மே மாதம் ஆர்னெட் கோல்மன் பியானோ இல்லாத நால்வர் குழுவோடு, கார்டு வரிசை என்ற உடன்பாட்டையே கைவிட்டார். மெட்டு உண்டு, காலம் உண்டு. சோலோ எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பாஸும் போகும். 1960-இல் அவர் இரண்டு நால்வர் குழுக்களை ஸ்டீரியோவின் ஆளுக்கொரு பக்கத்தில் நிறுத்திப் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' ஏறக்குறைய 37 நிமிடம் ஓடுகிறது. உடன்பாடு இல்லாத இசை என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. அங்கே ஓர் உடன்பாடு மட்டும் மிஞ்சியிருந்தது, அது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது: பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இரு.

நான்காவது, டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'. ஜாஸின் நான்கு தட்டை விட்டுவிட்டு ஐந்திலும் ஒன்பதிலும் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அரசின் கலைப் பயணத்தில் அவருடைய குழு துருக்கிக்கும் இந்தியாவுக்கும் வந்திருந்தது. சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள்.

அந்தத் தொடர்பு அங்கே நிற்கவில்லை. 1969-இல் மைல்ஸ் டேவிஸ் மின்சார வாத்தியங்களோடு 'பிட்செஸ் ப்ரூ' பதிவு செய்தபோது கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின், பிறகு எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, 1970-களின் நடுவில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் சேர்ந்த 'சக்தி'யைத் தொடங்கினார். எது கார்டு, எது ராகம், எது பார், எது ஆவர்த்தனம் என்று புதிய உடன்பாட்டை அவர்கள் மேடையிலேயே எழுதினார்கள்.

மூளைக்குள் ஒரு கச்சேரி

இப்படி வாசிக்கும்போது மூளை என்ன செய்கிறது? 2008-இல் அமெரிக்காவில் சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். காந்தம் இழுக்காதபடி செய்த சின்ன விசைப்பலகை மடியில். மனப்பாடம் செய்ததை வாசிக்கும்போதும், இட்டுக்கட்டி வாசிக்கும்போதும் மூளையைப் படம் எடுத்தார்கள். இட்டுக்கட்டும்போது, நெற்றிப் பகுதி மூளையில் தன்னைத் தானே கண்காணித்துத் திருத்தும் வெளிப்பக்கம் அடங்கியது. தன் உள்ளத்தை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய நடுப்பகுதி விழித்துக்கொண்டது.

2014-இல் லிம்மின் குழு இன்னொன்று செய்தது. ஒருவர் கருவிக்குள்ளும் ஒருவர் வெளியிலுமாக நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசித்தார்கள். அப்போது வேலை செய்தவை, நாம் பேசும்போது வாக்கியம் அமைக்க உதவும் பகுதிகள். சொல்லின் பொருளை அறிவதோடு தொடர்புடைய பகுதிகளோ அடங்கின. ஜாஸ்காரர்கள் தங்கள் வாசிப்பை உரையாடல் என்று காலகாலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அது அழகுக்குச் சொன்னதல்ல. மூளையும் அதை உரையாடலாகவே நடத்துகிறது.

இதையெல்லாம் படித்தால் போதாது, காதில் கேட்க வேண்டும். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்', 'கோ-கோ', 'ஸோ வாட்' நான்கும் இணையத்தில் கிடைக்கின்றன. வரிசையாகக் கேட்க இருபது நிமிடம்கூட ஆகாது. முதல் முறை சோலோவின் பின்னே போங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டுப் பாஸின் நடையை மட்டும் பிடியுங்கள். 'ஸோ வாட்'டில் எட்டு பாருக்கு அது ஒரு படி மேலே ஏறி இறங்கும் இடம் தானாகவே கேட்கும். மூன்றாம் முறை காலம் எந்த வாத்தியத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அது டிரம்மிலிருந்து சிம்பலுக்கு ஏறிய முப்பது ஆண்டுப் பயணம் புலப்படும். வாசிப்பவர் சொல்வதோடு, கூட இருப்பவர்கள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நம் காதில் விழத் தொடங்கினால், ஜாஸ் நமக்குப் புரிந்துவிட்டது.